ஒஸ்லோவில் கேட்ட 'நாங்கள்'

வெள்ளி மாலை ஒஸ்லோ விமான நிலையத்தில் இறங்கினேன். அழைத்துப்போக வந்தவர் வின்சென்ற், மன்னார்க்காரர். ஒஸ்லோ நகரின் குரோருட் பகுதியில் ஈழத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறார். அங்கே சோழப் பேரரசு எழுந்த கதையைச் சொல்லத்தான் கும்பகோணத்துக் கல்லூரி ஆசிரியையான என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டி வந்ததும் மகள் மெலனியிடம், "சரி, நாங்கள் போவம்" என்றார். இருவரும் நடந்தார்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றேன்.

மெலனி திரும்பி ஓடி வந்தாள். "என்ன ரீச்சர், வரேல்லையோ?"

"அப்பா 'நாங்கள்'னுதானே சொன்னார்? 'நாம போகலாம்'னு சொன்னாத்தானே நானும் வரலாம்!"

"ஐயோ, எங்களுக்கு ரெண்டும் 'நாங்கள்'தான்!"

குரோருட்டுக்கு நாற்பது கிலோமீட்டர் போல. மாலை ஏழு மணிக்கும் வெயில் பளிச்சென்று இருந்தது. வழியெல்லாம் மெலனிக்கு ஒரே கவலை. திங்கட்கிழமை பள்ளியில் ஒரு பழைய அரசைப் பற்றி நோர்வீஜிய மொழியில் பேச வேண்டும். அவள் சோழரை எடுத்திருந்தாள்.

"இங்கத்தைப் பழைய வைக்கிங் கடலோடியளைப் பற்றிக் கதைக்கிற பிள்ளையள் 'வீ' எண்டு சொல்லுவினம். நாங்கள் எண்டு அர்த்தம். சோழருக்கு நானும் 'வீ' சொல்லலாமோ, ரீச்சர்?"

"தாராளமா சொல்லும்மா!"

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பல்லவர்களுக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தவர்கள் தஞ்சையைப் பிடித்து, பிறகு பல்லவர்களையே விழுங்கியதைச் சொன்னேன். ஏரி வெட்டியதை, ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளைக் கோயில் சுவரில் பொறித்ததை, வைக்கிங்குகள் வடகடலை ஆண்ட காலத்தில் சோழர் கப்பல் கடாரம் வரை போனதைச் சொன்னேன். எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் புல்லரிக்கும். அந்த உற்சாகத்தில், "நம்ம சோழர்கள் ஈழத்தையும் வென்றார்கள்!" என்றேன்.

கைதட்டல் வரவில்லை. மெலனி எழுந்தாள்.

"ரீச்சர், அந்த 'நம்ம'வுக்குள்ளை நாங்களும் இருக்கிறமோ? நாங்கள் வெண்ட ஆக்களோ, பிடிபட்ட ஆக்களோ?"

வகுப்பில் ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "தெரியலம்மா" என்றேன். வெட்கத்தைவிட அவள்மேல் மதிப்புதான் அதிகம் வந்தது.

வின்சென்ற் மெல்ல, "மன்னாரிலை எங்கட மாதோட்டத்திலையும் ராஜராஜன்ர பேரிலை ஒரு கோயில் இருந்தது. சோழர் வந்தவை, பிடிச்சவை, கோயிலும் கட்டினவை. எல்லாம் எங்கட கதைதான்" என்றார். அந்த 'எங்கட'வில் நான் உண்டா என்று கேட்கத் துணிவில்லை.

திங்கள் மாலை விமான நிலையத்துக்கு மெலனி பள்ளிப் பையோடு வந்தாள்.

"'வீ' சொன்னியா?"

"ஓம். கப்பலிலை வந்தவைக்கும் சொன்னனான், கரையிலை நிண்டவைக்கும் சொன்னனான். கிளாஸிலை குழம்பிப் போச்சினம்!"

சிரித்துக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டேன். கல்லூரி திறந்ததும் அந்தப் பாடத்தை இனிக் கரையிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். வின்சென்ற் கைகூப்பி விடைபெற்று, மகளிடம் திரும்பினார்.

"சரி, நாங்கள் போவம்."

இந்த முறை அதற்குள் நான் இல்லை. தெரிந்தும், பெட்டியை இழுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓர் எட்டு வைத்துவிட்டேன்.