இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

எட்டாம் வகுப்போடு கிளம்பி, ஊர் ஊராகக் கூலிவேலை செய்தவன் நான். இப்போது கேரளத்துப் பாறசாலையில் பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் பெட்ரோல் விலை குறைவு என்பதால், டாங்க் வற்றும்வரை காத்திருந்து களியக்காவிளையில் நிரப்புவேன்.

போன மாதம் அப்படிப் போகையில், மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்தேன். எஞ்சின் ஓடாததால் பிரேக் பெடல் கல்லாக இறுகி, மிதித்தும் கார் நிற்கவில்லை. எதிரே பஸ்.

பக்கத்தில் இருந்த மனைவி ரோஸம்மாள் கதவைப் பிடித்தாள். “இஞ்ச பாரும், நான் ஜெபிக்கட்டா, வெளிய சாடட்டா?”

கைபிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஓரமாக ஒடித்தேன். கார் மரச்சீனித் தோட்டத்துக்குள் ஏறி, மரவள்ளிச் செடிகளைச் சாய்த்து நின்றது.

தோட்டக்காரர் வந்தார். “எலே மக்கா, மரச்சீனி பிடுங்க மண்வெட்டி போதுமாக்கும்!”

இப்போது இறக்கத்தில் எஞ்சினை அணைப்பதில்லை. கியரிலேயே விட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறேன். அதிலும் பெட்ரோல் மிச்சமாகிறது. ரோஸம்மாள் மட்டும் இறக்கம் வந்தால் பேச்சை நிறுத்தி, எஞ்சின் சத்தம் கேட்ட பிறகே மீதியைச் சொல்கிறாள்.