இரண்டரை மணி பஸ்ஸுக்காக எடுத்த பாடங்கள்

எங்கள் ஊர் கொல்லிமலையில் அரியூர் நாடு. குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். அடிவாரத்தில் இருந்த அந்த இரண்டாண்டுக் கல்லூரியில், பிடித்த பாடங்களை நாமே தேர்ந்தெடுத்துப் பொதுப்படிப்பில் டிப்ளமோ வாங்கலாம். நானோ, மலைக்குப் போகும் இரண்டரை மணி பஸ்ஸுக்கு முன்னால் முடிகிற வகுப்புகளாகப் பார்த்து எடுத்தேன். அதை விட்டால் அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் அலுவலக அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, கம்ப்யூட்டர் கட்டாயப் பாடமாச்சே, அதை எடுக்கவே இல்லியே? அதில்லாம டிப்ளமோ கெடையாது. நீ படிக்க வந்தியா, பஸ் புடிக்க வந்தியா?"

"ரெண்டுக்குந்தானுங்கக்கா."

அவர் சிரித்துவிட்டார். ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"பேர் சேர்க்க இன்னிக்குத்தான் கடைசி நாள். சாயங்கால வகுப்புல எடம் இருக்குது, எழுது கண்ணு."

அந்த ஓராண்டும் சாயங்கால பஸ்தான். மலைப்பாதை தொடங்கும் காரவள்ளி தாண்டி வளைவுகளில் ஆடியபடி நானும் நண்பர்களும் பாடம் ஒப்பிப்போம். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேள்வி கேட்பார். டிப்ளமோ வாங்கிவிட்டேன். அந்தப் பயணம்தான் இன்றும் ஏங்க வைக்கிறது.

இப்போது எங்கள் மலையிலிருந்து யார் சேர வந்தாலும் கூடவே போகிறேன். கட்டாயப் பாடங்களுக்கு அடியில் கோடு போட்டுக் கொடுத்த பிறகுதான் பஸ் நேரம் சொல்கிறேன்.