கஞ்சி போட்ட கரித்திரை

என் மகளுக்கு முட்டு வருத்தம். புகை பட்டால் நெஞ்சு இழுக்கும். போன மாதம் அவளைக் கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் அள்ளிக்கொண்டு ஓடியதிலிருந்து, யாராவது தீப்பெட்டியை எடுத்தாலே என் கண் அவளைத் தேடுகிறது.

எங்கள் தெருவில் பின்னேரமானால் எல்லா முற்றத்திலும் புகை கிளம்பும். சருகோடு பிளாஸ்டிக் சொப்பிங் பையும் சேர்ந்து எரியும். எங்கள் வீட்டில் மட்டும் மகளுக்காகக் குப்பையை எரிக்காமல் குவித்து வைத்தோம். அயலவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்தவன் அல்லவா, அவளுடைய ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கினேன். தேங்காய்ச் சிரட்டைக்கரியை மாவாக்கிப் பூசிய துணி. கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். காற்றை உள்ளே விட்டுவிட்டு, புகையையும் நாற்றத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

என் மனைவி மருதமுனை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. அவர்களுக்குக் கஞ்சி போடாத துணி பாதி நெய்த துணி. நான் வேலை முடிந்து வந்தபோது, மகளின் ஜன்னலில் திரை பலகைபோல நின்றது. தட்டினால் சத்தம் கேட்டது.

“இதுக்கும் கஞ்சியா போட்டாய்?”

“ஓம். கிழட்டுத் துணி மாதிரித் தொங்கிச்சு. ரெண்டு தரம் போட்டு ஸ்திரி பண்ணினன்.”

“அதுட ஓட்டையெல்லாம் அடைபட்டிருக்குமே.”

“ஓட்டைத் துணியையா கொழும்பில இருந்து எடுப்பிச்சீங்க?”

பக்கத்தில் நின்ற மனைவியின் தம்பி திரையைத் தடவிப் பார்த்தான். “மச்சான், இதுக்குள்ளால பேயும் வராது.”

உண்மைதான். காற்றும் வராது. நான் உடுப்பு மாற்றப் போன நேரம், அந்த நம்பிக்கையோடு அவன் முற்றத்துக்குப் போய், சேர்த்து வைத்திருந்த குப்பை முழுவதையும் அந்த ஜன்னலுக்குக் கீழேயே கொளுத்தினான்.

புகை கஞ்சிக்கு மரியாதை கொடுத்தது. திரையைத் தொடாமல், இரண்டு ஓரத்தாலும் சுற்றிக்கொண்டு அறைக்குள் போனது. படித்துக்கொண்டிருந்த மகள் இருமினாள். பிறகு இருமல் நின்று, நெஞ்சுக்குள் அந்த விசில் சத்தம் தொடங்கியது.

நான் வாளித் தண்ணீரை நெருப்பில் கொட்டினேன். மனைவி மகளை முன்வாசலுக்கு இழுத்து வந்து இன்ஹேலரை வாயில் வைத்தாள். மகளின் தோள்கள் ஏறி ஏறி இறங்கின. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம் குறைந்தது. “வாப்பா, தண்ணி” என்று அவள் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் தரையில் பட்டது.

மனைவியின் தம்பி நனைந்த சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றான். “இன்னொரு தரம் கஞ்சி போட்டிருந்தா ஓரமும் நல்லா நிண்டிருக்கும்.”

“இனி இந்த முற்றத்தில ஒருத்தரும் நெருப்பு வைக்கக் கூடாது” என்றேன். “பக்கத்து வீடுகளுக்கும் இப்பவே போய்ச் சொல்லப் போறன்.”

“அப்ப இந்தத் திரை என்னத்துக்கு, மச்சான்?”

“வெயிலுக்கு” என்றாள் மனைவி, மகளின் முதுகைத் தடவிக்கொண்டே.