பிளாஸ்திரி சுற்றிய ஒயர்

போத்தனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்த ராமுலுவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. கொள்ளி ராமுலு. பெயர் வைத்த புண்ணியவான் வெள்ளகோவில் எண்ணெய் மில் முதலாளி திருமலைசாமி. வைத்த வருஷம் தொண்ணூறு. அதற்குப் பிறகு ஆறு வருஷமாக, குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் ராமுலு திருமலைசாமியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்துக்குச் சாமியை நினைத்திருந்தால் மோட்சமே கிடைத்திருக்கும்.

ராமுலு கார்களுக்கு ஒயரிங் செய்கிறவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் கோயமுத்தூர்த் தமிழ், வேலை நேரத்தில் எந்தப் பேச்சும் கிடையாது. பதினாறு வயதில் பஸ் பாடி கட்டும் இடத்தில் ஒயர் இழுக்கத் தொடங்கி, முப்பத்தைந்தில் கோயமுத்தூர் சுங்கம் பகுதியில் சொந்தக் கடை வைத்தார். அங்கேதான் திருமலைசாமியின் அம்பாசிடருக்குப் புது ஹெட்லைட் மாட்டிக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் பல்லடம் தாண்டிப் போகையில் அந்த வண்டி டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகைந்து எரிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த முகூர்த்தத்திலேயே, ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு திருமலைசாமி சொன்னார்: "அவன் எங்க ஒயர் இழுத்தான், கொள்ளியல்லோ வெச்சுப்போட்டான்." அந்தப் பந்தியில் பாதிப் பேர் கார் வைத்திருந்தவர்கள். அவர்களுடைய டிரைவர்கள் அடுத்த பந்திக்குக் காத்து நின்றார்கள். பாயசம் வருவதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு வருஷத்தில் சுங்கத்துக் கடையை மூடியாயிற்று. ராமுலுவின் மனைவி ராமாமணிக்கு ஒரு தம்பி, பெயர் சசிதர். அவன் பழைய ஃபியட் ஒன்று வாங்கி, அதை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, நடந்து வந்து பூஜைப் பிரசாதம் கொடுத்தான். வண்டி எங்கே என்று ராமாமணி கேட்டதற்கு, இந்தத் தெருவில் திருப்ப இடமில்லை என்றான். லாரி திரும்புகிற தெரு அது. ராமுலு அன்று சாப்பிடவில்லை.

எரிந்த வண்டியை ராமுலு போய்ப் பார்த்திருந்தார். என்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கும். ஃபயர்வால் என்பார்கள். ஒயர் அதைத் துளைத்துத்தான் உள்ளே வர வேண்டும். துளையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும் என்பதால், ரப்பர் புஷ் ஒன்றை மாட்டி அதன் நடுவே ஒயரை விட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஆடுகிற ஆட்டத்தில் விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிடும். செம்புக்கம்பி தகட்டில் பட்டால் நெருப்புத்தான். ராமுலு மாட்டிய புஷ் கருகியும் தன் இடத்திலேயே இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, ஆணி வைத்து அடித்துக் கிழித்ததுபோல இன்னொரு ஓட்டை. அதன் ஓரத்தில், காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி ஒரு துண்டு பாதி பொசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. "இந்த ஓட்டை நான் போட்டதில்லீங்க," என்றார். யார் காதிலும் ஏறவில்லை. பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்து வந்து ஃபியூஸ் டப்பாவில் போட்டு வைத்தார். அந்த இடத்துக்கு அது எப்படி வந்தது என்று மட்டும் அவருக்கு விளங்கவே இல்லை.

தொண்ணூற்றாறு மார்கழியில் ஒரு நாள் காலை, வெள்ளை எஸ்டீம் கார் ஒன்று கொட்டகை முன் வந்து நின்றது. டிரைவர் வேலைக்குப் புதிது.

"ஏனுங்கண்ணா, ஃபாக் லேம்ப் ரெண்டு மாட்டோணுங்க. பல்லடம் ரோட்டுல காத்தால பனியில ஒண்ணுந் தெரியறதில்லீங்க. மொதலாளி மத்தியான ரயில்ல வந்து எறங்கறாருங்க. அதுக்குள்ள ஆகுமுங்களா?"

பின் கண்ணாடியில் எண்ணெய் மில்லின் பெயரும் ஊரும் ஒட்டியிருந்தன. ராமுலு இரண்டு தரம் படித்தார்.

"ஆகும் கண்ணு. நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்க."

பேட்டரியைக் கழற்றும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. விளக்குக்கான சுவிட்ச் உள்ளே இருக்கும். அதன் ஒயர் ஃபயர்வாலைத் தாண்டித்தான் போக வேண்டும். புஷ் போடப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். மேலாக டேப்பைச் சுற்றிவிட்டால் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. காங்கேயம் ரோட்டுப் பள்ளத்தில் ஒரு மூன்று மாசம் ஆடினால் போதும், பங்குனிக்குள் திருமலைசாமியின் மடியில் புகை வரும். ஆள் சாக வேண்டாம். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் ஓடட்டும். அந்த ஓட்டத்தை மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தார். போதவில்லை என்று மறுபடியும் ஓட்டினார்.

பக்கத்துக் கொட்டகையில் தகடு தட்டிக்கொண்டிருந்த டிங்கர் நசுருதீன் எட்டிப் பார்த்தார். "என்னங்க நாயுடு, தனியாச் சிரிக்கிறீங்க?"

"பல்லு வலிங்க, பாய்."

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். துளை போட இடம் தேடி வெளிச்சத்தை நகர்த்தியவர், ஓரிடத்தில் டார்ச்சை நிறுத்தினார். அங்கே ஏற்கெனவே ஓர் ஓட்டை இருந்தது. ஆணி வைத்து அடித்த, கிழிந்த ஓட்டை. புஷ் இல்லை. அதன் வழியாக, வீட்டு விளக்குக்குப் போடுகிற ஒயர் ஒன்று டேப் ரெக்கார்டருக்கு ஓடியது. இணைப்பில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. விளிம்பு அறுத்த இடத்தில் செம்பு பளபளத்தது.

டீ குடித்துவிட்டு வந்த டிரைவரிடம் கேட்டார். "அதுங்களா? மொதலாளியே இழுத்ததுங்க. புது வண்டி வந்தாலும் அவரு கை வெக்காம இருக்க மாட்டாருங்க."

ராமுலு எழுந்து போய் ஃபியூஸ் டப்பாவைத் திறந்து அந்தத் துண்டைப் பார்த்தார். ஆறு வருஷம். அவனே ஓட்டை போட்டு, அவனே ஒயர் இழுத்து, அவனே எரித்து, பழியை மட்டும் என் தலையில் கட்டியிருக்கிறான். இனி தான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பானட்டைச் சும்மா மூடினால் போதும், மிச்சத்தைத் திருமலைசாமியின் கைவேலையே பார்த்துக்கொள்ளும் என்று தோன்றியது. பானட்டில் கையை வைத்தும்விட்டார். அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு இது எரிந்தால், கடைசியாகத் தொட்டவன் யார் என்று கேட்பார்கள். கொள்ளி ராமுலு. அதே பந்தி, அதே பேச்சு. இந்த ஆள் எரிந்தாலும் எனக்குத்தான் கெட்ட பெயர் என்று பல்லைக் கடித்தார்.

கையை எடுத்தார். ஃபாக் லேம்ப் ஒயரைத் தனித் துளையில், விளிம்பை அரத்தால் ராவி, புஷ் மாட்டி, ஃபியூஸ் வைத்து இழுத்தார். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. பிளாஸ்திரி ஒயரை மட்டும் தொடவில்லை. பேட்டரியையும் மாட்டவில்லை. பிறகு நசுருதீனைக் கூப்பிட்டு, "ஸ்டேஷன் டாக்ஸிக்காரங்களையெல்லாம் டீ குடிக்க வரச் சொல்லுங்க, பாய். இன்னிக்கு என்ற செலவு," என்றார். கொள்ளி என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அந்த ஸ்டாண்டில்தான் இருந்தார்கள்.

திருமலைசாமி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில், வெள்ளை வேட்டியில் வந்து இறங்கும்போது கொட்டகை முன்னால் இருபது பேர் கிளாஸும் கையுமாக நின்றார்கள். அவருக்கு ராமுலுவை அடையாளம் தெரியவில்லை. காக்கிச் சட்டைக்கு மேலே இருக்கிற முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்?

"முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுதுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. டேப் ரெக்கார்டருக்கு ஒரு ஒயர் வருதுங்களே, அது எந்த எலக்ட்ரீசியன் கைவேலைங்க? இப்படி ஒரு வேலைய நான் பாத்ததே இல்லீங்க."

திருமலைசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எலக்ட்ரீசியன் எதுக்கு? நாந்தான் இழுத்தேன்."

"பிளாஸ்திரி சுத்தியிருக்குதுங்களே."

"கறுப்பு டேப் வெயிலுக்கு எளகிரும். பிளாஸ்திரின்னா கெட்டியாப் புடிச்சுக்கும். தோட்டத்து மோட்டாருக்கும் அதேதான். டேஷ்போர்டு டப்பாவுல எப்பவும் ஒரு சுருள் கெடக்கும்."

"ரொம்ப நாள் பழக்கமுங்களா?"

"அம்பாசிடர் வெச்சிருந்தப்பவே. அதுக்கு ஏர் ஹாரன் ஒயர் நானே இழுத்தேன். ஒரு ஆணி, ஒரு சுத்தியல், அஞ்சு நிமிசம்."

"அந்த அம்பாசிடர் இப்ப எங்கீங்க?"

பதிலுக்குக் காத்திராமல், ராமுலு பொசுங்கிய துண்டை எடுத்து முன் கண்ணாடி ஓரமாக வைத்தார். பேட்டரியை மாட்டி, அந்த ஒயரை ஒரு விரலால் லேசாக இழுத்தார். ஃபயர்வாலில் சட்டென்று பொறி பறந்து புகை கிளம்பியது. உடனே பேட்டரியைக் கழற்றிவிட்டார்.

"என்ற பேரு ராமுலுங்க. சுங்கத்துல கடை வெச்சிருந்தேனுங்க."

திருமலைசாமி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "செரிங்க ராமுலு. ஆனது ஆச்சு. அந்த ஒயர உருவிப்போட்டு நல்லதா ஒண்ணு இழுத்துக் குடுத்துருங்க."

"மாட்டேனுங்க. கொள்ளிக் கை, அதுல படக்கூடாதுங்க. நீங்க போட்டதை நீங்களே உருவிருங்க. அது வரைக்கும் பேட்டரி மாட்டறதில்லீங்க."

டிரைவர் குனியப் போனான். "அவரு உருவட்டும் கண்ணு," என்றார் ராமுலு.

எண்ணெய் மில் முதலாளி டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். தொப்பை இடித்தது. கதவுக்கு வெளியே நீட்டிய காலிலிருந்து ஒரு செருப்பு கழன்று விழுந்தது. உள்ளே முனகல் கேட்டது, பிறகு ஒரு "ஸ்ஸ்". வெளியே வந்தபோது ஒரு கையில் ஒயர் இருந்தது. இன்னொரு கையின் ஆள்காட்டி விரலில் ரத்தம் ஒழுகியது. விளிம்பு அறுத்திருந்தது.

ராமுலு டேஷ்போர்டு டப்பாவைத் திறந்து சுருளை எடுத்தார். பல்லால் ஒரு துண்டு கிழித்து, அந்த விரலில் அழுத்திச் சுற்றினார்.

"பிளாஸ்திரி இதுக்குத்தானுங்க."

முதலில் சிரித்தவர் நசுருதீன். பிறகு இருபது பேரும் சிரித்தார்கள். ராமுலுவுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. அன்று ராத்திரி ராமாமணி இரண்டு தரம் சோறு வடிக்க வேண்டியிருந்தது. எஸ்டீம் வெள்ளகோவில் போய்ச் சேர்வதற்கு முன்பே பிளாஸ்திரி திருமலைசாமி என்ற பெயர் போய்ச் சேர்ந்துவிட்டதாக டாக்ஸிக்காரர்கள் சொன்னார்கள்.

நான்காம் நாள் சசிதர் தன் ஃபியட்டைக் கொட்டகை வாசலுக்கே ஓட்டி வந்தான். ஹெட்லைட் மங்கலாக எரிகிறதாம். இறங்கிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். ராமுலு கையைத் துடைத்துக்கொண்டு, நான்கு லாரி நிற்கிற அந்த மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வேற எங்காச்சும் பாருங்க, மாப்ளே," என்றார். "இங்க வண்டி திருப்ப எடமில்லீங்க."