மேலுதட்டில் கொஞ்சம் நிழல்

கடையில் அவரை எழுத்துக்காரர் என்பார்கள். கோப்பைகளிலும் கேடயங்களிலும் கைக்கடிகாரங்களின் முதுகிலும் உளியால் பெயர் வெட்டிக் கொடுப்பவர். ஊரில் யார் எதில் ஜெயித்தாலும் அவர் கைபட்டால்தான் அந்த வெற்றி முழுமையாகும். தான் எதிலும் ஜெயித்ததில்லை என்பதை அவர் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் ஓர் எழுத்தின் புள்ளி விட்டுப்போனால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. எதையும் விட்டுவிடாமல் செய்வதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே தர்மம்.

அந்தத் தர்மமே வினையாக வந்தது. கடையில் முகங்கள் வெட்டிக்கொண்டிருந்த பெண், எல்லோருக்கும் படக்காரி, பிரசவத்துக்குக் கிளம்பினாள்.

"அவ வர்ற வரைக்கும் படத்தையும் நீயே பாத்துக்கப்பா" என்றார் முதலாளி. "முடியலன்னா கூச்சப்படாம சொல்லு. என் மச்சான் மெஷினோட வந்து உன் எடத்துல உக்காந்துக்குவான்."

கேட்டால் உதவி செய்கிற குரல்தான். மறுநாளே மச்சான் வந்து, எழுத்துக்காரரின் ஜன்னலோர மேஜையை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார்.

படக்காரி போவதற்குள் நிழல் போடச் சொல்லிக்கொடுத்தாள். "இருட்டு வேணும்னா கோட்டை நெருக்கிப் போடுங்கண்ணே. இன்னும் இருட்டணும்னா அது மேலயே குறுக்க போடுங்க. வெளிச்சம் வர்ற எடத்துல கையை லேசாக்கி, உளியை அப்படியே மேல எடுத்துடுங்க."

"எடுத்துட்டு?"

"சும்மா இருங்க."

அங்கேதான் இடித்தது. நெருக்கிப் போடுவது வந்தது, குறுக்கே போடுவதும் வந்தது. சும்மா இருப்பதுதான் வரவில்லை. வெறும் தகடு தெரிந்தால் வேலையை ஏமாற்றியதுபோல அவருக்குக் கை நமைச்சல் எடுத்தது.

வீட்டில் மனைவியை எதிரே உட்காரவைத்துச் செப்புத் தகட்டில் பழகினார். மூக்கின் கீழே மெல்லிய நிழல். போதாதுபோல் இருந்தது, இன்னும் நாலு கோடு. ஒரு பக்கம் கூடிப்போனது, மறுபக்கமும் ஈடுகட்டினார். காகிதமென்றால் அழிக்கலாம். செம்பில் வெட்டியது வெட்டியதுதான்.

மனைவி தகட்டை வாங்கிப் பார்த்தாள். "கட்டிக்கிட்ட நாள்லருந்து என் மூஞ்சிய இவ்வளவு நேரம் பாத்ததே இல்ல நீங்க. பாத்துப் பாத்து எனக்கு மீசையா வச்சீங்க?"

"நிழலுடி அது."

"முறுக்கி விடலாம்போல இருக்கு."

முதல் உருப்படி, ஓய்வுபெறும் தலைமை ஆசிரியை ஒருவரின் முகம், பித்தளையில். அதுவும் மீசையோடு போனால் மேஜை மச்சானுக்கு. எழுத்துக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது பாதியை முடித்தார். ஆச்சரியமாக, நன்றாகவே வந்தது. உளி வெண்ணெயில் போவதுபோல் போனது. மேலுதட்டில் கொஞ்சம் நிழல் போட்டாயிற்று. இன்னும் கொஞ்சம் என்று உளியை ஊன்றினார். போன் அடித்தது.

மனைவிதான். வேலை நன்றாக ஓடும் நேரத்தை எங்கிருந்தோ மோப்பம் பிடித்துக் கூப்பிடுவது அவள் வழக்கம். கடைக்குள் பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும், தெருவுக்கு ஓடினார்.

"வீட்டுச் சாவியை எங்க வச்சீங்க?"

"ஆணியில பாரு."

"அட, கையிலதான் வச்சிருக்கேன். சரி, வைங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தால், தகடு மேஜையில் இல்லை. வேலை எதுவரை வந்தது என்று பார்க்க வந்த தலைமை ஆசிரியையின் கையில் இருந்தது. சர்வீஸ் முழுக்க அடுத்தவர் வேலையை எட்டிப் பார்த்தே பழகியவர், தன் முகத்தை மட்டும் சும்மா விடுவாரா?

"போட்டோ எடுத்தவங்க எல்லாரும் என்னைக் கிழவியாக்கிட்டாங்க. இவர் ஒருத்தர்தான் என்னை ஒழுங்கா பாத்திருக்கார்" என்றார் அவர்.

இடது பாதியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. காதும் இல்லை.

"டீச்சர், இன்னும் பாக்கி இருக்கு... காது..."

"அவ்வளவு வெளிச்சத்துல காது எப்படித் தெரியும்? இதுமேல ஒரு கோடு போட்டீங்க, பாருங்க!" என்று விரலை நீட்டினார். எழுத்துக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச கைம்மா அது" என்று முதலாளி தன் பங்குக்கு அளந்துவிட்டார். மச்சான் அதன்பிறகு டேப்போடு வரவில்லை. பேர் பரவி, முகங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் எங்கே நிறுத்துவது என்றுதான் எழுத்துக்காரருக்குத் தெரியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். "நாளையிலிருந்து வேலை நேரத்துல ஒரு போன் பண்ணேன்."

"பண்ணினா எரிஞ்சு விழுவீங்களே. எப்ப பண்ணணும்?"

"வேலை நல்லா வந்துட்டிருக்கும்போது."

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷமா எப்படித் தெரிஞ்சுது?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் மேலுதட்டு நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவருக்குப் பிடிபட்டது. அலமாரியிலிருந்த செப்புத் தகட்டை எடுத்துத் துடைத்து, உளியைத் தேடினார்.

"கீழ வைங்க அதை" என்றாள் அவள். "மீசையோட போகட்டும். தாடி வேற வேணாம்."