கிமாராஸ் தெரிந்த குடவாசல்காரர்

கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த மாம்பழப் பையைத்தான் பார்த்தார்.

"கிமாராஸ்ல இதை உள்ளயே விடமாட்டாங்க சார்."

கிமாராஸ் பிலிப்பைன்ஸில் ஒரு சின்னத் தீவு மாகாணம் என்பதை நான் கேட்காமலேயே தெரிந்துகொண்டேன். நெல், தென்னை, மா இவைதான் அங்கே பிழைப்பு. தங்கள் மரங்களுக்குப் பூச்சி வந்துவிடுமென்று வெளியூர் மாம்பழத்தைப் படகுத்துறையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முன்சீட்டின் முதுகில் விரலால் தீவை வரைந்து காட்டினார். அந்தச் சீட்டில் இருந்த அம்மாள் இரண்டு முறை திரும்பி முறைத்தார். தீவு நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. அதை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அங்க எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"நான் எங்க போனேன்? துபாய்ல என் ரூம்ல இருந்தவன் அந்த ஊர்க்காரன். ஒம்பது வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தான்."

"உங்க வயல்ல இப்ப என்ன போட்டிருக்கீங்க?"

விரல் நின்றது.

"தம்பி பாத்துக்கிறான். கேக்கணும்." பிறகு கொஞ்சம் பெருமையாகச் சொன்னார்: "அந்த ரூம்காரனுக்கு நம்ம ஊர் அத்துப்படி சார். எங்க வாய்க்கால்ல எந்த மதகு ஒழுகும்னு கூடச் சொல்லுவான். அவனும் இப்ப ஊருக்கே போயிட்டான்."

கிமாராஸ் படகில் இந்நேரம் ஓர் அப்பாவிப் பயணி அந்த ரூம்காரரிடம் மாட்டிக்கொண்டு குடவாசலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். இவர் வயலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று அவரைத்தான் விசாரிக்க வேண்டும்.