என் கொம்பனும் எருக்குழியும்

எங்கள் வீட்டில் மாடு நான்கு, கோழி ஒன்பது, என் போனுக்குள் ஒரு வண்டு. மாட்டையும் கோழியையும் பற்றி யார் கேட்டாலும் சொல்வேன். வண்டைப் பற்றிச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது. ஆனாலும் அதை முதலில் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

சர்க்கரை வந்துவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். காட்டு வேலை செய்கிறவளுக்கு நடக்கச் சொல்லித்தர வேண்டுமா என்று எனக்கு ரோஷம். கோயமுத்தூரில் காலேஜ் படிக்கும் என் மகள்தான், "நீ நடக்கறதெல்லாம் ஊட்டுல இருந்து மாட்டுக் கட்டுத்தரைக்கும்மா. அது நடையில சேராது" என்று சொல்லி இந்த விளையாட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். திரையில் நம் ஊரே படமாக வரும். கோயில், பால் சொசைட்டி, கோவிந்தாபுரம் போகும் சாலை எல்லாம் இருக்கும். நடந்தால் விதவிதமான ஜந்துக்கள் எதிர்ப்படும். பிடித்துச் சேர்க்கலாம். அதில் ஒன்றைத் துணையாகக் கூட்டிக்கொண்டு நடந்தால் அது வளரும்.

நான் துணையாக எடுத்தது ஒரு புழு. வெள்ளையாக, கொழுகொழுவென்று, தயிர்க்கட்டி மாதிரி சுருண்டு கிடக்கும். ஆரஞ்சு நிறத் தலை, தூக்கம் கலையாத இரண்டு கண். நிறைய நடந்தால் அது பழுப்பு நிறக் கூட்டுக்குள் போய் ஆடிக்கொண்டே இருக்கும். இன்னும் நடந்தால் கருநீல ஓடும் ஒற்றைக் கொம்புமாக வெளியே வரும். வாய்க்கால் மேட்டில் மாதக்கணக்கில் நடந்து அதை அந்தக் கோலத்துக்குக் கொண்டுவந்தேன். கொம்பன் என்று நானே பெயர் வைத்தேன்.

கொம்பனுக்கு இருட்டென்றால் பயம். அதனால் கொம்பு நுனியில் சின்னதாய் ஒரு வெளிச்சம் வைத்திருக்கும். சண்டையில் யாரையும் குத்தாது. கொம்பால் தூக்கி ஓரமாக வைத்துவிடும். தூக்குகிற வேகத்தில் பாதி நேரம் அதுவே மல்லாந்து விழுந்து ஆறு காலையும் ஆட்டும். தானாக எழுந்திருக்கத் தெரியாது. நாம்தான் திரையில் கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளி நிமிர்த்திவிட வேண்டும். "இத யாரும் வெச்சுக்க மாட்டாங்கம்மா, சண்டைக்கு ஆவாது" என்றாள் மகள். எனக்கோ அந்தத் தள்ளுக்காகவே அதைப் பிடித்துப்போயிற்று. வீட்டில் யாரும் நிமிர்த்திவிடக் கூப்பிடாத வயதுக்கு வந்துவிட்டேன் இல்லையா.

ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பொட்டலம் மடித்த பேப்பரிலும் பஸ் போர்டிலும்தான். ஆனால் யாராவது நறுக்கென்று ஒன்று சொன்னால் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துவிடுவேன். கொம்பன் வந்த பிறகு அந்தத் தாள்கள் நிறைந்தன. பால் ஊற்றப் போனால், "ஏனுங்க, போனக் கன்னுக்குட்டியாட்டம் கூட்டிட்டுத் திரியறீங்க, கவுறு எங்கிங்க?" என்பார் சொசைட்டிக்காரர். என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேல். "ஊர்ல வண்டு வந்தா மருந்தடிப்பாங்க. எங்கூட்டுல ரீசார்ஜ் பண்றோம்." இதை எழுதி வைத்தபோது சிரித்தேன். இப்போது அந்தத் தாளைக் கண்டால் திருப்பிப் போட்டுவிடுகிறேன்.

என் கொழுந்தன் மனைவியின் தோப்பு எங்களுடையதற்கு அடுத்தது. கொழுந்தன் லாரி ஓட்டுகிறார். வாளையாறு தாண்டிப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். தோப்பு, மாடு எல்லாம் அவள் ஒருத்தி கையில். வரப்போரமாகப் பதினான்கு தென்னம்பிள்ளை வைத்திருந்தாள். கடையில் வாங்கியவை அல்ல. அவளுடைய அம்மா வீட்டு வாசலில் நின்ற தென்னையைச் சாலை அகலப்படுத்த வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன்னால் இறக்கிய கடைசிக் குலையின் நெற்றுகளை மணலில் பதித்து, முளைக்க வைத்து, இரண்டு கோடை குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவை. அந்த மரத்தின் மிச்சம் உலகத்தில் அவ்வளவுதான். அவள் இதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொன்றின் குருத்தையும் விரலால் தொட்டுப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே எருக்குழி. சித்திரையில் வெட்டி எடுப்போம். வெட்டும்போது செல்லிப் புழு புரண்டு வரும். காண்டாமிருக வண்டைக் கொம்பன் செல்லி என்று கேரளத்து வேளாண்மை ஆபீசான கிருஷிபவனில் சொல்லிச் சொல்லி எங்கள் வாயிலும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. எருவில் முட்டையிட்டு, எருவில் வளர்ந்து, வண்டானதும் தென்னங்குருத்தைக் குடையப் போகும். அதனால் ஒருத்தி மண்வெட்டி பிடித்து வெட்ட, இன்னொருத்தி பின்னாலேயே வந்து புழுவைப் பொறுக்கி மண்ணெண்ணெய் விட்ட தண்ணீர் வாளியில் போடுவாள். தப்பியது கோழிக்கு. வெட்டுகிறவள் பொறுக்கக் கூடாது என்பது என் மாமியார் வைத்த ஏற்பாடு. வெட்டுகிறவளுக்குக் குழி முடிந்தால் போதும் என்றிருக்கும், புழு கண்ணில் படாது என்பார். எப்போதும் நான் வெட்டுவேன், அவள் பொறுக்குவாள்.

போன சித்திரையில் அவள் அம்மாவுக்குப் பொள்ளாச்சியில் கண் ஆபரேஷன். பஸ்ஸில் இருந்து போன் செய்தாள்.

"அக்கா, நா வர நாலு நாளாயிருமுங்க. எரு அள்ள வண்டி சொன்ன நாளு மாறுனா அவன் மறுபடி வரமாட்டான். நீங்களே பொறுக்கியும் போடுங்க."

"நீ அம்மாளப் பாரு கண்ணு. நா பாத்துக்கறேன்."

இரண்டாவது அடுக்கை வெட்டியபோது முதல் புழு வந்தது. இத்தனை வருஷம் வெட்டியவள், அன்றுதான் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை உடம்பு, சுருண்ட கிடை, ஆரஞ்சுத் தலை. என் கொம்பனின் முதல் பருவம் அப்படியே. சிரிப்பு வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து, 'உன் தம்பி வந்திருக்கிறான்' என்று எழுதி மகளுக்கு அனுப்பினேன். புழு கையில் குளிர்ச்சியாக இருந்தது. மெல்ல ஒரு தடவை நெளிந்தது.

பிறகு வாளியைப் பார்த்தேன். கை போகவில்லை.

அடுத்தடுத்து வந்தன, முப்பது நாற்பது இருக்கும். கோழிகள் சுற்றி நின்று கழுத்தை நீட்டின, ஒன்பதையும் துரத்தினேன். புழுக்களைச் சாணிக்கூடையில் அள்ளி, எங்கள் தோப்பு மூலையில் மக்கிக் கிடந்த தென்னங்கட்டைக்கு அடியில், பழைய எருவுக்குள் வைத்து மூடினேன். வண்டாகிப் பறந்து எங்கேயாவது போய்விடும் என்று நினைத்தேன். எங்கே போகும் என்று நினைக்கவில்லை. தென்னைக்கார வீட்டில் பிறந்து தென்னைக்கார வீட்டுக்கு வாக்கப்பட்டவளுக்கு அது தெரியாத விஷயமா? தெரியும். நினைப்பை அந்தப் பக்கம் விடவில்லை.

நாலாம் நாள் வந்து கட்டுத்தரையில் நின்று கேட்டாள்.

"பொறுக்கிட்டீங்ளாக்கா?"

"ஆச்சு கண்ணு."

ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு அவள் தோப்பில் ஓலைகள் வேறு மாதிரி விரிய ஆரம்பித்தன. விசிறியின் ஓரத்தைக் கத்தரியால் கோணலாக வெட்டியது போல. செல்லி குருத்துக்குள் இருக்கும்போது குடைந்தது, ஓலை விரியும்போதுதான் தெரியும். ஆவணியில் இரண்டு பிள்ளைகளின் நடுக்குருத்து வாடிச் சாய்ந்தது. பிடித்து இழுத்தாள், அழுகிக் கையோடு வந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம குழியில சுத்தமாப் பொறுக்கியாச்சு. அப்பறம் எங்கிருந்துங்க்கா வருது?"

அவளே பதிலைக் கண்டுபிடித்தாள். வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர். எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர், மனைவி போன பிறகு தனியாள், முதுகு வலிக்காரர். அவர் குழியை வெட்டி இரண்டு வருஷமாகிறது என்று ஊருக்கே தெரியும். என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"உங்க குழியத் தொறந்து போட்டு வெச்சு எந் தோப்பத் திங்க உடறீங்ளே, நாயமுங்களா?"

அவர் துண்டை எடுத்து முகம் துடைத்தார். "நானுந்தான அம்மிணி தென்ன வெச்சிருக்கறேன். செல்லி எனக்கு மட்டும் மாமனா, மச்சானா?"

"ரெண்டு பிள்ள போச்சுங்க. மூணாவதும் போனா கிருஷிபவன்ல எழுதிக் குடுத்துப்போடுவன், ஆமா."

அப்போது என் இடுப்பில் இருந்த போன் கிணுகிணுத்தது. துணையோடு வெகுநேரம் நடக்காவிட்டால் அது அப்படிக் கூப்பிடும். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"உங்க வண்டு கூப்புடுதுங்க்கா" என்றாள் அவள். குத்தலாகச் சொல்லவில்லை. அந்தக் கோபத்துக்கு நடுவிலும் எனக்காக நினைவுபடுத்தினாள். முந்தானைக்குள் கையை விட்டுப் போனை அமுக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். நியாயம் பேசக்கூடிய ஆள் என்று என்னைத்தான் பார்த்தார். நான் அவருடைய வேலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவர் தன் குழியை வெட்டினார். ஆள் வைக்காமல், வலிக்கிற முதுகோடு, காலையில் இருந்து உச்சிவெயில் வரைக்கும். வெட்டவும் அவரே, பொறுக்கவும் அவரே. எங்கள் பக்கம் இருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் நின்றால் நிமிர முடியாமல் நிற்கிறார் என்று தெரிந்துகொள்வேன். பொழுதோடு ஒரு கொட்டாங்குச்சியைக் கொண்டுவந்து வேலி மேல் வைத்தார்.

"இவ்வளவுதானுங்க அம்மிணி இருந்துச்சு" என்றார் அவளிடம். ஐந்தோ ஆறோ புழு. அவள் வாங்கிக் கோழிக்குக் கொட்டினாள். அன்று ராத்திரி என் தட்டுச் சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். உடம்பு சரியில்லையா என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு ஆமாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து மூன்றாவது பிள்ளையின் மட்டை இடுக்கில் மென்று துப்பிய சக்கை தள்ளியிருந்தது. உள்ளே செல்லி இருக்கிறது என்று அர்த்தம். கொக்கிக் கம்பியோடு வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் மட்டையை விலக்கிப் பிடிக்க, அவள் ஓட்டைக்குள் கம்பியை விட்டுத் திருகி இழுத்தாள். கருப்பாய், பளபளவென்று, கொம்போடு வந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் மல்லாந்து, ஆறு காலையும் ஆட்டியது.

என் கட்டைவிரல் தானாகப் போய் அதை ஒரு தள்ளுத் தள்ளி நிமிர்த்தியது.

அவள் வண்டைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தாள். பிறகு செருப்புக் காலை அதன் மேல் வைத்தாள்.

"சித்திரையில ஒரு படம் அனுப்புனீங்ளே, கையில புழுவோட. உங்க பாப்பா லீவுல வந்தப்ப எனக்குங் காட்டுனா. சிரிச்சோம்." செருப்பைப் புல்லில் தேய்த்தாள். "அந்தப் புழுவ அப்பறம் என்னங்க்கா பண்ணுனீங்க?"

சொன்னேன். கூடை, கட்டை, மூலை எல்லாம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போனில் இருக்கும் ஒரு பொம்மையைத்தான் காட்டியிருக்க முடியும்.

தென்னங்கட்டையைப் புரட்டினோம். அடியில் கூடுகள் காலியாக இருந்தன. நான்கைந்து வண்டு இன்னும் கிளம்பாமல் கிடந்தன. அவள் மிதித்தாள். கை கழுவும்போது சொன்னாள்.

"நா திட்டுனது தப்பான ஆளுங்க. அவருகிட்ட நாம் போயிச் சொல்லிக்கறேன். ஆனா மொதல்ல நீங்க போவோணும்."

அன்றே போனேன். வேலியைச் சுற்றிப் போகிற தூரம் ஐந்து நிமிடம் இருக்காது. அவர் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் உடனே சட்டையைப் போட்டுக்கொண்டார், ஏதோ நான்தான் பெரிய மனுஷி என்பது போல. அது இன்னும் கூசியது.

"இத்தன நாளு அது எம்பேர்ல இருந்துச்சுங்களா" என்றார். கோபமாக இல்லை. அதற்குப் பிறகு, "அந்தப் போன்ல இருக்கறதக் காட்டுங்க, பாக்கலாம்."

காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனை அப்படியும் இப்படியும் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். கொம்பன் கொம்பில் வெளிச்சம் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

"அளகாத்தானுங்க இருக்குது. கொம்பு இருக்குது, கண்ணு இருக்குது. தென்னையத் திங்கற வாயி எங்கிங்க? அத வரையக் காணமே."

வாங்கிப் பார்த்தேன். வாய் இல்லை. எத்தனை மாதம் கூட நடந்தேன், ஓட்டில் எத்தனை வரி என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதற்கு வாய் இல்லை என்பதை மட்டும் பார்த்ததே இல்லை.

அவள் என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றும்போது நான் பக்கத்தில் போனால் குருத்தைத் தொடுவதை நிறுத்திவிடுவாள். மூன்றாவது பிள்ளை பிழைத்துக்கொண்டது. போன இரண்டின் குழியும் காலியாக இருக்கிறது. அங்கே வைக்க அந்த மரத்து நெற்று இனிக் கிடையாது. வேறு கன்று வைக்க அவளுக்கு மனசில்லை.

விளையாட்டை நான் அழிக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, இப்போதும் கொம்பனோடுதான் நடக்கிறேன். மல்லாந்தால் நிமிர்த்தியும் விடுகிறேன்.

இந்தச் சித்திரையில் குழிக்கு வந்தபோது அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். வாளி என் பக்கம் இருந்தது. அவள் வெட்டினாள், நான் பின்னாலேயே போனேன். முதல் புழு வந்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்று என் கையைப் பார்த்தாள். எடுத்தேன். ஆரஞ்சுத் தலையைத் திருப்பி, அதன் முன்பக்கம் கறுப்பாய் அசைகிற வாயைப் பார்த்துவிட்டு வாளியில் போட்டேன். அவள் அடுத்த வெட்டு வெட்டினாள். கடைசி அடுக்கு வரைக்கும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் நின்றாள்.